ஒரே காற்று, வேறு வேறு உடம்பு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "வேலையில நீ பார்த்த விஷயம் ஏதாவது ஒண்ணு பேசுப்பா. பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கணும். சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிச்சிடணும்" என்றார். இரண்டாவது நிபந்தனையையாவது கட்டாயம் காப்பாற்றுகிறேன்.

நான் ஒரு பேட்டரித் தொழிற்சாலையில் காற்றோட்டம், தூசு உறிஞ்சும் குழாய்கள், வடிகட்டிகள் இவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன். பெரிய பேட்டரி ரகசியம் எதுவும் இல்லை. கார், லாரி, வீட்டு இன்வெர்ட்டர் எல்லாவற்றிலும் இருக்கிற பழைய ஆசிட் பேட்டரிதான். அதன் எடையில் பாதிக்கு மேல் காரீயம். அந்தக் காரீயம் வேலை செய்கிறவர்களின் உடம்புக்குள் எப்படிப் போகிறது, போனபின் ஒருவரை ஒரு மாதிரியும் இன்னொருவரை வேறு மாதிரியும் ஏன் பாதிக்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். மருத்துவர் பேச வேண்டிய விஷயம்தானே, இவனுக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். மருத்துவரிடம் போவதற்கு முன்னால் அந்தத் தூசு நம் கையில்தான் இருக்கிறது.

ஈயம் வேறு, காரீயம் வேறு

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இந்தத் தலைப்பை எங்கே எடுத்தாலும் யாராவது ஒருவர், "எங்க தாத்தா எழுபது வருஷம் ஈயச் சொம்பு ரசம் குடிச்சவரு, கல்லு மாதிரி இருந்தாரு" என்பார். தாத்தா குடித்தது வெள்ளீயச் சொம்பு ரசம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம்தான். நான் பேசுவது காரீயம். தொழிற்சாலையில் 'லெட்' என்று சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். சொம்பில் யாராவது காரீயத்தைக் கலந்து விற்றால் கதை மாறிவிடும். அதனால் வாங்குகிற இடம் பார்த்து வாங்குங்கள். அதோடு தாத்தாவை விட்டுவிடலாம்.

ஆனால் அந்தத் தாத்தா வாதம் தொழிற்சாலைக்குள்ளும் வேறு உருவத்தில் வரும். "முப்பது வருஷமா உருக்குற இடத்துல நிக்கிறாரு அவரு, ஒண்ணும் ஆகல. நேத்து வந்தவன் வயித்து வலிங்கிறான்." இதைக் கேட்காத பேட்டரி ஷெட் இருக்காது. இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இன்றைய பேச்சு.

நம் விடுதி மெஸ்ஸை நினைத்துப் பாருங்கள். ஒரே அண்டா சாம்பார். இருநூறு பேர் சாப்பிட்டால் பத்துப் பேர் மறுநாள் வகுப்புக்கு வர மாட்டார்கள். மீதி நூற்றுத் தொண்ணூறு பேர் நன்றாக இருந்தார்கள் என்பதற்காகச் சாம்பார் நல்ல சாம்பார் ஆகிவிடுமா? அந்தப் பத்துப் பேர் நடிக்கிறார்கள் என்று வார்டன் சொன்னால் நாம் சும்மா இருந்திருப்போமா? காரீயமும் அப்படித்தான். ஒரு வித்தியாசம், சாம்பார் மறுநாளே காட்டிக் கொடுத்துவிடும். காரீயம் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வாயைத் திறக்காது.

உள்ளே போகும் வழிகள்

பேட்டரி வேலையில் காரீயம் உடம்புக்குள் போக முக்கியமாக இரண்டு வாசல்கள். ஒன்று மூக்கு, இன்னொன்று வாய்.

மூக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். சூடு அதற்கு மேல் ஏற ஏற ஆவியும் புகையும் அதிகமாகும். புகையில் இருக்கும் துகள்கள் மிக நுண்ணியவை; நுரையீரலின் அடிவரை போய், அங்கிருந்து பெரும்பகுதி நேராக ரத்தத்தில் சேர்ந்துவிடும். கொஞ்சம் பெரிய தூசியை மூச்சுக்குழாய் சளியோடு மேலே தள்ளிவிடும். அதை நாம் விழுங்கிவிடுவோம். அதாவது மூக்கு வழியாக வந்தது வயிற்றுக்குப் போய்விடுகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்காவில் 1978-ல் கொண்டுவந்த காரீய விதி, எட்டு மணி நேர சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் வரை அனுமதித்தது. ஒரு ஷிப்டில் ஒருவர் சுமார் 10 கனமீட்டர் காற்றை இழுக்கிறார் என்று பாடப்புத்தகங்கள் வைத்துக்கொள்ளும். பெருக்கினால் 500 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராம். சமையல் உப்பில் ஏழெட்டுத் துகள் எடை. கண்ணுக்கே தெரியாது. ஆனால் எல்லோரும் 10 கனமீட்டரா இழுக்கிறார்கள்? சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்று இழுத்தால், காரீயப் பாளத்தைத் தூக்கிப் போடுகிறவர் நாற்பது லிட்டருக்கு மேல்கூட இழுப்பார். காற்றை அளக்கும் கருவி இருவருக்கும் ஒரே எண்ணைக் காட்டும். நுரையீரலுக்குப் போன அளவு ஒன்றல்ல. ஆக, உடம்புக்குள் நுழைவதற்கு முன்பே வித்தியாசம் ஆரம்பித்துவிட்டது.

அடுத்தது வாய். கையில் தூசு, அதே கையால் டீ டம்ளர், பீடி, வெற்றிலை, மூக்குச் சொறிதல். இதில் ஆளுக்கு ஆள் பழக்கம் வேறு. விழுங்கிய காரீயத்தில் எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்பதும் ஆளுக்கு ஆள் வேறு. வயிறு நிறையச் சாப்பிட்டவரின் குடல் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் எடுத்துக்கொள்கிறது. வெறும் வயிற்றில் அதே அளவு போனால் பாதிக்கும் மேல் எடுத்துக்கொள்ளலாம். காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு முதல் ஷிப்டுக்கு ஓடி வருகிறவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். அதற்காக வேலை செய்கிற இடத்திலேயே சாப்பிடச் சொல்லவில்லை. வீட்டில் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும், உள்ளே ஒன்றையும் வாயில் வைக்கக் கூடாது.

உடம்பில் இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். பசியில் இருக்கிற குடல் இரும்பு கிடைக்குமா, கால்சியம் கிடைக்குமா என்று கதவை அகலத் திறந்து வைத்திருக்கும். காரீயம் அதே கதவு வழியாக, ஆள் மாறாட்டம் செய்து உள்ளே நுழைந்துவிடும். குழந்தைகளிடம் இது தெளிவாகவே காணப்பட்டிருக்கிறது. ரத்தசோகை உள்ள ஒருவரும், நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஒருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் ஒரே அளவை எடுத்துக்கொள்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

ரத்தமும் எலும்பும்

உள்ளே போன காரீயம் என்ன ஆகிறது? ரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழ எல்லாமே சிவப்பணுக்களுக்குள் உட்கார்ந்துகொள்ளும். அங்கே ஏ.எல்.ஏ.டி. என்று ஒரு நொதி உண்டு. ரத்தத்துக்குச் சிவப்பு தரும் பொருளைத் தயாரிக்கும் வரிசையில் ஒரு தொழிலாளி அது. காரீயம் அந்தத் தொழிலாளியின் கையைக் கட்டிவிடுகிறது. அதனால்தான் நாளடைவில் ரத்தசோகை.

இந்த நொதியைத் தயாரிக்கும் மரபணுவில் இரண்டு வகை உண்டு. இரண்டாம் வகை உள்ளவர்களின் நொதி காரீயத்தை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஐந்தில் ஒருவர் வரை இந்த வகையினர். ஆசிய, ஆப்பிரிக்க மக்களில் குறைவு. காரீய வேலை செய்கிறவர்களில் இந்த வகையினருக்கு ரத்த அளவு சற்று அதிகமாகவே காட்டும் போக்கு பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் ரத்தத்தில் இறுக்கிப் பிடித்து வைத்துக்கொண்டதால் மற்ற உறுப்புகளுக்குப் போவது குறைகிறதா, அல்லது அதுவே கெடுதலா என்பதில் ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. ஆகவே, ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருவருக்கும் ஒரே எண் இருந்தாலும், அந்த எண்ணுக்கு இருவர் உடம்பிலும் ஒரே பொருள் என்று நினைத்துவிடக் கூடாது.

ரத்தத்தில் இருக்கும் காரீயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அப்படியானால் ஒரு வருடம் லீவு போட்டால் சுத்தமாகிவிடுமா? ஆகாது. காரணம் எலும்பு. வளர்ந்தவர் உடம்பில் சேர்ந்த காரீயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. கால்சியம் என்று நினைத்து எலும்பு அதைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. கெட்டியான எலும்பில் அது பாதியாகக் குறையப் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். வங்கியில் ஃபிக்சட் டெபாசிட் மாதிரி. நாம் வேலையை விட்டாலும் அது நம்மை விடாது; கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு வட்டி கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அந்த டெபாசிட் திடீரென்று உடைகிற சந்தர்ப்பங்களும் உண்டு. கர்ப்ப காலம், பால் கொடுக்கும் காலம், மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேயும் காலம், எலும்பு முறிவு, நீண்ட நாள் படுக்கை, தைராய்டு அதிகமாகச் சுரப்பது. எலும்பு கரையும்போது அதிலிருக்கும் காரீயமும் வெளியே வரும். பல ஆண்டுகளுக்கு முன்பு செய்த வேலையின் காரீயம் கருவில் இருக்கும் குழந்தையைப் போய்ச் சேரலாம். இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டில்தான் முழுதாக நின்றது. பஸ் போகும் சாலையோரத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு சின்ன டெபாசிட் இருக்கத்தான் செய்யும்.

சரி, வெளியே தெரிகிற அறிகுறி? அதிலும் ஒற்றுமை இல்லை. ஒருவருக்கு மலச்சிக்கல், வயிற்றைப் பிசையும் வலி. இன்னொருவருக்குச் சோர்வு, தலைவலி, எரிச்சல், மறதி. முன்காலத்தில் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு மணிக்கட்டு தொங்கிவிடும். அதுவும் அதிகம் உபயோகிக்கும் கையில்தான் முதலில் வரும். வேறு சிலருக்கு வருடக்கணக்கில் ஒன்றுமே தெரியாது. ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரகம் பழுதான பிறகுதான் தெரியும். "அவருக்கு ஒண்ணும் ஆகல" என்று சொல்கிறோமே, அவருடைய ரத்த அழுத்தத்தை யாராவது பார்த்தோமா?

ஒரே மேஜை, இரண்டு பேர்

என் வேலையில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஆள் பெயர், ஊர்ப் பெயர் வேண்டாம்.

பேட்டரித் தகடுகளை அடுக்கும் மேஜை ஒன்று. காய்ந்த தகடு, தொட்டாலே தூசு உதிரும். எதிரெதிரே இரண்டு பேர். ஒருவருக்கு இருபத்து நாலு வயது, இன்னொருவருக்கு முப்பத்தெட்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் இளையவருக்கு ஒரு டெசிலிட்டருக்கு 21 மைக்ரோகிராம், மூத்தவருக்கு 44. டெசிலிட்டர் என்றால் நூறு மில்லி. மூத்தவர் என்னிடம், "அவனுக்கு ஒண்ணும் இல்ல சார், எனக்கு மட்டும் வயித்தைப் பிசையுது. கேட்டா சோம்பேறின்னு சொல்றாங்க" என்றார். சூப்பர்வைசரோ, "அவர் உடம்புவாகு அப்படி சார், வேற ஆளைப் போட்டுடலாம்" என்றார்.

"அண்ணே, நாளைக்கு இதைக் கொஞ்சம் மாட்டிக்குங்க" என்று இருவர் இடுப்பிலும் ஒரு சின்னப் பம்பைக் கட்டினேன். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் காற்று இழுக்கும். சட்டைக் காலரில் ஒரு வடிகட்டி. ஷிப்டு முழுக்க அவரவர் மூக்கருகே இருக்கும் காற்றை அது பிடித்துக்கொள்ளும். முடிவு வந்தபோது மூத்தவர் வடிகட்டியில் இரண்டு மடங்குக்கு மேல் காரீயம். ஒரே மேஜை, ஆனால் ஒரே காற்று இல்லை! காரணம் ஒரு பெடஸ்டல் ஃபேன். இளையவர் பக்கத்தில் வெயிலுக்காக வைத்தது. அது மேஜைக்கு மேலே இருந்த உறிஞ்சு கூண்டின் இழுப்பைக் குறுக்கே கலைத்து, இவர் பக்கத்துத் தூசியையும் சேர்த்து அவர் முகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

அதோடு முடியவில்லை. விசாரித்தால் மூத்தவர் காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறவர், வெறும் வயிறு. தாடி வைத்திருந்ததால் முகமூடி விளிம்பு முகத்தில் சரியாகப் பொருந்தவில்லை. அதற்கும் மேலாக, இங்கே வருவதற்கு முன் ஒன்பது வருடம் உறவுக்காரர் ஒருவரின் ஷெட்டில் பழைய பேட்டரியை உடைத்து உருக்கியவர். எலும்பில் டெபாசிட் ஏற்கெனவே இருக்கிறது. 'உடம்புவாகு' என்ற ஒரு வார்த்தைக்குள் இவ்வளவும் ஒளிந்திருந்தது. இவற்றில் எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல எந்தக் கருவியும் கிடையாது. மரபணு வகையும் இதில் ஒரு பங்கு வகித்திருக்கலாம். ஆனால் நான் தொட்டு மாற்றக்கூடியவை கண் முன்னால் இருந்தன.

ஃபேனை எடுத்துவிட்டு மேலிருந்து மெதுவாக இறங்கும் காற்றுக்கு ஏற்பாடு செய்தோம். கூண்டை மேஜைக்கு நெருக்கமாக இறக்கி, ஓரத்துக்குத் தகடு அடித்தோம். துடைப்பத்தால் பெருக்குவதையும் கம்ப்ரஸர் காற்றால் சட்டையைத் தட்டுவதையும் நிறுத்தினோம். ஷிப்டு ஆரம்பிக்கும் முன்பே, தூசு இல்லாத கட்டடத்தில், காலை டிபன். அதுவரை பாலும் வெல்லமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "வெல்லம் தூசியை இழுத்துட்டுப் போயிடும் சார்" என்று பலர் நம்பினார்கள். பால் நல்ல உணவு, வெல்லம் இனிப்பாக இருக்கும். காரீயத்தை வெளியே தள்ளும் மருந்து இரண்டும் இல்லை.

ஒரு வருடத்தில் இளையவர் 12-க்கு வந்தார். மூத்தவர் 29 வரைதான் வந்தார். ஒரே அளவு சுத்தமான காற்றிலும் அவர் மெதுவாகத்தான் இறங்குவார், எலும்பு அப்படி. இடையில் கொஞ்ச காலம் அவரைத் தூசு இல்லாத பிரிவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு அவர் முதலில் சம்மதிக்கவில்லை. "ஓ.டி. போயிடும், இன்சென்டிவ் போயிடும். அடுத்த தடவை ரத்தமே குடுக்க மாட்டேன் சார்" என்றார். வருமானம் குறையாது என்று நிர்வாகம் எழுத்தில் கொடுத்த பிறகுதான் மாறினார். இந்தக் கடைசி விஷயம் எனக்கு உறிஞ்சு கூண்டை விடப் பெரிய பாடம். சம்பளம் போகும் என்று தெரிந்தால் எந்த மனிதனும் தன் உடம்பைப் பற்றி உண்மை சொல்ல மாட்டான்.

வேறுபாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உடம்புக்கு உடம்பு வேறுபாடு உண்டு என்பது அறிவியல். அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பது நம் யோக்கியதை. இதில் உலகம் இரண்டு வழியிலும் போய்ப் பார்த்திருக்கிறது.

ஒரு வழி, ஆளைத் தேர்ந்தெடுப்பது. அமெரிக்காவில் வெஸ்ட் வர்ஜீனியா மாநிலம் வில்லோ ஐலண்டில் அமெரிக்கன் சயனமிட் கம்பெனியின் ஆலை. காரீய நிறமிப் பிரிவில், கருவுக்குக் கெடுதல் என்று சொல்லி, பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் இருக்கக் கூடாது, கருத்தடை அறுவை செய்துகொண்டால் மட்டும் இருக்கலாம் என்று 1978-ல் விதி வந்தது. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஐந்து பெண்கள் அறுவை செய்துகொண்டார்கள். சற்று நிறுத்தி யோசியுங்கள். காற்றை மாற்றுவதற்குப் பதிலாக மனுஷியை மாற்றினார்கள்.

1982-ல் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற பேட்டரிக் கம்பெனி, கருத்தரிக்க முடியாது என்று மருத்துவச் சான்று இல்லாத எந்தப் பெண்ணையும் காரீய வேலையில் வைக்க மாட்டேன் என்றது. தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. வழக்குப் போட்டவர்களில் ஒரு ஆணும் உண்டு. தான் தகப்பனாக விரும்புவதாகவும், ரத்த அளவைக் குறைத்துக்கொள்ள லீவு வேண்டும் என்றும் கேட்டு மறுக்கப்பட்டவர் அவர். காரீயம் ஆணின் விந்தணுவையும் கெடுக்கும்; ஆனால் கம்பெனி பெண்ணை மட்டுமே 'பலவீனமான உடம்பு' என்று கணக்கில் எடுத்தது. 1991 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டவிரோதமான பாகுபாடு என்று தீர்ப்பளித்தது.

இன்னொரு வழி, காற்றைச் சுத்தம் செய்வது. 1898-ல் பிரிட்டனின் முதல் மருத்துவத் தொழிற்சாலை ஆய்வாளராக வந்தவர் தாமஸ் லெக். தொழிலாளியின் எச்சரிக்கையை நம்பி அமைத்த பாதுகாப்பு நிற்காது, அவர் கையில் இல்லாத ஏற்பாடு வெளியிலிருந்து அவரைக் காக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பெயின்டில் வெள்ளைக் காரீயத்தைக் கட்டுப்படுத்தும் 1921-ம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையைத் தன் அரசாங்கம் ஏற்க மறுத்ததால் 1926-ல் பதவியையே துறந்தார். அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் 1910-ல் இல்லினாய்ஸ் மாநிலத்துக் காரீயத் தொழிற்சாலைகளை ஏறி இறங்கினார். கை கழுவாததால்தான் வருகிறது என்று முதலாளிகள் சொன்னபோது, மூச்சோடு போகும் தூசியும் புகையுமே முக்கியக் காரணம் என்று காட்டினார்.

நான் முன்பு சொன்ன 1978-ம் ஆண்டு அமெரிக்க விதியில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. ரத்த அளவு ஒரு எல்லையைத் தாண்டினால் தொழிலாளியைக் காரீயத்திலிருந்து விலக்க வேண்டும். பதினெட்டு மாதம் வரை அவர் சம்பளமும் சீனியாரிட்டியும் குறையக் கூடாது. எங்கள் மேஜையில் நடந்த விஷயத்தை அந்த விதி எழுதியவர்கள் எப்போதோ புரிந்துகொண்டிருந்தார்கள்.

நம் நாட்டிலும் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், மருத்துவர் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்கள் பட்டியலில் காரீய நஞ்சுதான் முதல் வரியாக இடம்பெற்றது. காற்றில் அனுமதித்த அளவு ஒரு கனமீட்டருக்கு 0.15 மில்லிகிராம், அமெரிக்க அளவைப் போல மூன்று மடங்கு. எல்லைகள் உலகெங்கும் இறங்கிக்கொண்டே வருகின்றன. கலிபோர்னியா 2025 ஜனவரி முதல் காற்று எல்லையை 50-லிருந்து 10 மைக்ரோகிராமாகக் குறைத்தது. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று தெரிந்த ஒன்று இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது 2021-ல் அது வெளியிட்ட வழிகாட்டி.

தம்பி தங்கைகளுக்கு

நமக்கு வகுப்பில் எல்லாம் சராசரியில் வரும். சராசரிச் சுமை, சராசரி வெப்பம், சராசரி மனிதன். ஆனால் அந்தச் சராசரி மனிதன் எந்த ஷிப்டுக்கும் கார்டு பஞ்ச் பண்ணி உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. வருகிறவர் ரத்தசோகை உள்ளவர், சாப்பிடாமல் வந்தவர், பழைய டெபாசிட் உள்ளவர், அடுத்த மாதம் கர்ப்பமாகப் போகிறவர். பாலம் கட்டும்போது என்ன சொல்லித் தந்தார்கள்? வரக்கூடிய மிகப் பெரிய சுமைக்கு, கிடைக்கக்கூடிய மிக மோசமான கம்பிக்குக் கணக்குப் போடு, அதற்கு மேல் பாதுகாப்புக் காரணி வை என்று. மனிதன் மூச்சு விடும் காற்றுக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம்?

நீங்கள் நாளைக்கு எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும், ஒருவர் மட்டும் "எனக்கு முடியல சார்" என்று சொன்னால், அவரை எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளுங்கள். பலவீனமான உடம்பு முதலில் சொல்கிறது. மற்ற உடம்புகள் பிறகு சொல்லும். முதலில் அவர் மூக்கருகே காற்றை அளந்து பாருங்கள். பொதுவாக ஹாலின் நடுவில் ஒரு கருவியை வைத்து அளந்த எண்ணை நம்பிவிடாதீர்கள். ரத்த எண் ஒருமுறை சரியாக வந்தது என்று விட்டுவிடாமல், ஒவ்வொருவருக்கும் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். காரீயத்தை வெளியே இழுக்கும் மருந்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வேலையில் வைத்துக்கொண்டே 'முன்னெச்சரிக்கையாக' அதைக் கொடுப்பது தவறு. வேலை உடுப்பு வீட்டுக்குப் போகக் கூடாது. குளித்து, மாற்றுத் துணியில் போக வேண்டும். சட்டையில் போகும் தூசு குழந்தை தவழும் தரைக்குப் போகிறது. குழந்தையின் குடல் விழுங்கியதில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். அதன் மூளை வளர்ந்துகொண்டிருக்கிற பருவம் அது.

பெரிய தொழிற்சாலைகளிலாவது கூண்டும் பம்பும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. நம் ஊர்களில் பேட்டரி ரிப்பேர் பார்க்கும் கடைகளிலும், பழைய பேட்டரியை உடைக்கும் ஷெட்களிலும் ஒன்றும் கிடையாது. அங்கே வேலை செய்கிறவர் பலர் உங்கள் வயதுக்காரர்கள். படிக்க வாய்ப்பு கிடைக்காததால் மட்டும் அங்கே நிற்கிறவர்கள்.

அதனால் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுவீர்கள். ஒரு சின்னப் பேட்டரிக் கடைக்கு ஏற்ற, உள்ளூர் டின்கர் பட்டறையில் செய்யக்கூடிய, விலை குறைந்த உறிஞ்சு கூண்டு ஒன்றை வடிவமைத்துக் காட்டுங்கள். காற்று அளக்கும் பம்பும் வடிகட்டியும் கிடைக்க நான் ஏற்பாடு செய்கிறேன். பரிசோதனைச் செலவை நம் சங்கம் ஏற்க வேண்டும் என்று தலைவர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். அங்கே அளக்கப் போகும்போது ஒருவர் உங்களிடம், "முப்பது வருஷமா இருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகல" என்பார். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அவர் பக்கத்தில் பேசாமல் நிற்கிற பையனின் காலரில் அந்த வடிகட்டியை மாட்டுங்கள்.